காட்டுக்காகப் போனவர்

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீயும் அம்மாவும் நலமா? குளிருக்கு அம்மாவின் முழங்கால் வலி கூடியிருக்கும். தைலம் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. நம் கடற்கரைக் காட்டைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவித்து வருகிற ஜூன் மாதத்தோடு நாற்பது ஆண்டு நிறைகிறது. புதிதாக வந்திருக்கும் பூங்கா அதிகாரி துடிப்பான இளைஞர். விழாவுக்காக வரலாற்றுக் குழு ஒன்று அமைத்து, இரும்புக்கடை வேலை தலைக்கு மேல் கிடக்கிற என்னையே தலைவராகப் போட்டுவிட்டார். எவ்வளவோ மறுத்துப் பார்த்தேன். காட்டுக்குள் அப்பா இருந்த வீட்டைப் பார்வையாளர் கூடமாக மாற்றி, அப்பாவின் பெயரையே வைக்கப் போகிறார்கள். நம் குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

‘கரையின் காவலர்கள்’ என்று ஒரு நூல் எழுதியிருக்கிறேன். அச்சுப்படி இத்துடன் வருகிறது. வீட்டு வாசலில் நடப்போகும் பலகையின் வாசகமும் உள்ளே இருக்கிறது. நீ பாடநூல் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு பார்வை பார்த்து அனுப்பு. எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதும். கருத்தில் கை வைக்க வேண்டாம்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலம். தைலம் வந்தது. அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “இதை அவன் கடையில துரு எடுக்க வெச்சிருப்பான்” என்றாள். ஆனாலும் இரண்டு வேளையும் தேய்த்துக்கொள்கிறாள். அண்ணிக்கு இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

அச்சுப்படியைப் படித்து முடித்தேன். எழுத்துப் பிழைகள் குறைவு. மற்றதெல்லாம்தான் பிழை.

முதல் அத்தியாயத்தில் நம் மக்கள் ‘மரத்தைத் தாயாக மதித்தவர்கள்’ என்று எழுதியிருக்கிறாய். தாயை வெட்டி அடுப்பில் வைக்கிற வழக்கம் எந்த ஊரில் உண்டு? கிளிஞ்சல் பொறுக்கி, காளவாயில் சுட்டு, சுண்ணாம்பு விற்றுப் பிழைத்த ஊர் நம்முடையது. காளவாய் எரிய மரம் வேண்டும். எனக்கு நினைவு தெரிந்தபோது நம் வீட்டுப் பின்கட்டில் நின்று பார்த்தால் கடல்வரைக்கும் நடுவே ஒரு மரமில்லை. அரசாங்கம் காட்டை யாரிடமிருந்து பாதுகாத்தது என்று உன் நூலில் ஓரிடத்திலும் இல்லை. நம்மிடமிருந்துதான். நாம் வெளியேறினோம், காடு வளர்ந்தது. நம் சமூகம் அந்தக் காட்டுக்குச் செய்த ஒரே நன்மை, மூட்டை கட்டியதுதான்.

நான்காம் அத்தியாயத்தில் ‘மக்கள் மனமுவந்து வெளியேறினர்’. மனமுவந்து போகிறவர்கள் வாசற்கதவைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டா போவார்கள்? கதவு இல்லாத வீடுதான் காலி வீடு என்று அப்போதைய அதிகாரி விதி வைத்ததும், ஒவ்வொரு குடும்பமும் கதவையும் நிலையையும் பெயர்த்து டவுனுக்குக் கொண்டுபோய், புதுச் சுவரில் பொருந்தாமல் பொருத்தியது. இன்றைக்கும் உன் தெருவில் ஒரு வீட்டுக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. அதை எழுதியிருந்தால் படிக்கிற மாதிரி ஒரு பக்கமாவது இருந்திருக்கும்.

பலகைக்கு வருகிறேன். உன் வாசகத்தை அப்படியே எடுத்து எழுதுகிறேன், நீயே ஒருமுறை படி: ‘இவ்வில்லத்தில் வாழ்ந்த வனக்காவலர், தம் குடும்பத்தையும் துறந்து, மரங்களின் மீது கொண்ட பேரன்பால் இறுதிவரை தன்னந்தனியே இங்கு உறைந்தார். இவ்வூரின் கடைசிக் குடியிருப்பாளர் அவரே. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவர் மறைந்ததோடு இங்கு மனித வாழ்வு முடிவுற்றது.’

டிக்கெட்டம்மா எங்கே போனார், அண்ணா? நம் பள்ளிப் படிப்புக்காக அம்மா நம்மை டவுனுக்கு அழைத்து வந்தாள். அப்பா வேலையைக் காரணம் சொல்லி அங்கேயே தங்கினார். சீக்கிரமே வேலைக்குத் துணையும் வந்துவிட்டது. படகுத்துறைக் கவுண்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண், நாம் எல்லோரும் இருந்ததைவிட அதிக காலம் அந்த வீட்டில் இருந்திருக்கிறார். இன்று காலையும் அங்கேதான் அடுப்பு மூட்டியிருப்பார். மனித வாழ்வு முடிவுற்றது என்றால் அவர் எந்த இனம்?

பலகை வாசகத்தை அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். அண்ணிக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. உன் கடிதத்தை அவளிடம் காட்டாததால் இன்னும் கட்டுக்குள் இருக்கிறது.

எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டேன். மற்றவற்றுக்கு நேரமில்லை. அச்சாகிவிட்டது. பலகையும் நட்டாகிவிட்டது. நகரத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நம் மக்களை இளக்காரம் செய்வது எளிது. வரலாறு என்பது ஊருக்குச் சொல்வது. வீட்டுக்குள் நடந்தது வீட்டோடு.

அந்தம்மா விஷயத்தில் நான் பொய் எழுதவில்லை. பூங்கா ஆவணத்தில் அப்பா ஒற்றை ஆள் என்றுதான் இருக்கிறது. அவரே தம் கையால் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்போது இருந்த அதிகாரிகள் தெரிந்தும் தெரியாதது போல் விட்டுவிட்டார்கள். இப்போது இருப்பவர் காகிதத்தைப் பார்க்கிறார். அந்தம்மாவுக்கு அக்கரையில் ஓர் அக்கா உண்டு என்று கேள்வி. அங்கே போய்விடுவார்கள். நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தைலத்தைச் சூடு செய்து தேய்க்கச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 26

உன் அப்பாவின் மகளுக்கு,

டிக்கெட்டம்மா எழுதுகிறேன். நீ நலம்தானே? நானும் நலம். பலகைப்படி நான் இல்லவே இல்லை. இல்லாதவளுக்கு என்ன நோய் வரப்போகிறது?

உன் அண்ணன் என் வாசலில் நட்டிருப்பதை வருகிறவர்களெல்லாம் நின்று படிக்கிறார்கள். படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு பெண், நான் துணி உலர்த்துவதை ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

“ரொம்ப இயல்பா செய்றீங்கம்மா. பூங்காவுல எத்தனை பேரை இப்படி நடிக்கப் போட்டிருக்காங்க?”

“நான் ஒருத்திதான். மத்தவங்கள்லாம் நடிப்பு சரியில்லன்னு அப்பவே அனுப்பிட்டாங்க” என்றேன்.

அவள் புருஷன் கேட்காமலே உள்ளே போய் எட்டிப் பார்த்தான். “இங்க வந்து பாரேன், பானையில நெஜமாவே ஏதோ கொதிக்குது. என்ன தத்ரூபம்!” என்று அங்கிருந்தே கத்தினான். என் மதியச் சாப்பாட்டைத்தான் சொன்னான். போகும்போது இரண்டு பேரும் கைதட்டிவிட்டுப் போனார்கள். அவர்களைத் திட்டி என்ன செய்வது? எழுதியிருப்பதை நம்புகிற ஜனம்.

விஷயம் இதுதான். மே மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி அதிகாரி நோட்டீஸ் கொடுத்திருக்கிறான். கெட்ட பையனில்லை. காகிதத்தில் இல்லாத மனுஷியை நேரில் பார்த்தால் அவனுக்கு வியர்த்துவிடுகிறது, அவ்வளவுதான். “உங்களை அனுப்பணும்னு எனக்கு என்னம்மா ஆசை? நீங்க அவர் வீட்டு ஆளா கடைசிவரைக்கும் கூட இருந்தீங்கன்னு அவர் குடும்பத்துல யாராவது ஒருத்தர் எழுதிக் குடுத்தா போதும். ஆயுசுக்கும் இங்கயே இருக்கலாம். சட்டத்துல இடம் இருக்கு” என்றான்.

உன் அண்ணன் கடைக்குப் போனேன். நாற்காலி போட்டான், மின்விசிறியைப் போட்டான், “பார்க்கலாம்” என்றான். அப்புறம் யாருக்கோ பெயின்ட் கலக்கப் போனான். மதியம்வரைக்கும் ஒரு டப்பா பெயின்டைக் கலக்கிக்கொண்டே இருந்தான். எழுந்து வந்துவிட்டேன்.

நான் அக்கரையில் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று உன் அண்ணன் அதிகாரியிடம் சொன்னானாம். அவள் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அதையும் ஒரு பலகையில் எழுதி வைத்தால்தான் உன் அண்ணனுக்கு நினைவிருக்கும் போல. எனக்குப் போக இடமில்லை. கெஞ்சுவதாக நினைக்காதே. ஒரே ஒரு வரி. நீ தப்பைத் திருத்துகிற வேலையில் இருக்கிறாய் என்று உன் அப்பா சொல்வார். இதைத் திருத்து.

இப்படிக்கு,
காலி வீட்டில் இருப்பவள்


மார்ச் 19

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தேர்வுக் காலத்துப் புத்தக வேலைகள் குவிந்துவிட்டதால் உடனே எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

உங்களுக்கு நேர்ந்திருப்பது பெரிய அநியாயம். வரலாறு என்ற பெயரில் எழுதப்படுகிறவற்றில் முதலில் காணாமல் போவது பெண்கள்தான் என்பதை என் வேலையில் தினமும் பார்க்கிறேன். உயிரோடு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் ஒருவரையே ஒரு பலகையால் அழித்துவிடலாம் என்றால், நூறு வருஷத்துக்கு முன் இருந்தவர்களின் கதி என்ன? உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து இதே யோசனையாக இருக்கிறேன்.

இருந்தாலும் அந்த வரியை எழுத வேண்டியவர் அண்ணன். ஊரில் இருப்பவர் அவர், குழுவின் தலைவரும் அவர். அவர் எழுதினால்தான் எடுபடும். நானோ சிறு வயதிலேயே விடுதிக்குப் போனவள். அந்த வீட்டு நடப்பை நேரில் பார்த்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை குறைவு. அண்ணனுக்கு இன்றே கடுமையாக எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்


மார்ச் 19

அண்ணனுக்கு,

அம்மா நலம். நானும் நலம். அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

வயதான ஒரு பெண்ணை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு, மதியம்வரைக்கும் பெயின்ட் கலக்கினாயாம். என்ன நிறம் என்று தெரிந்துகொள்ள ஆசை. உன் நூலில் ஒவ்வொரு பக்கத்திலும் அலையோடு போராடிய வீரர்கள் வருகிறார்கள். அவர்கள் பரம்பரையில் ஒரு வரி எழுத நடுங்குகிற ஓர் இரும்புக்கடைக்காரன் எப்படிப் பிறந்தான் என்று ஒரு பின்னிணைப்புச் சேர். அந்தம்மாவின் அக்கா இறந்து ஆறு வருஷமாகிறது. போவதற்கு அவருக்கு வீடு இல்லை. இது உனக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். நீ ஒரு கோழை, அண்ணா. ஊர் கைதட்டும் என்றால் உயிரோடு இருப்பவர்களையும் புதைப்பாய்.

மே மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுதிக் கொடு.

தங்கை


ஏப்ரல் 3

தங்கைக்கு,

நலம்.

கோழை என்று எழுதியிருக்கிறாய். சரி, வைத்துக்கொள்.

அதிகாரி என்ன சொன்னார்? ‘குடும்பத்தில் யாராவது ஒருவர்’. நீ எந்தக் குடும்பம்? தபால்தலை ஒட்டினால் உன் ஊரிலிருந்தும் கடிதம் இங்கே வந்து சேருகிறது. என்னைத் திட்டி எழுதுகிற கடிதங்கள் ஒன்று தவறாமல் வந்து சேருகின்றனவே. அந்த ஒரு வரியை மட்டும் நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா உன் வீட்டில் இருக்கிறாள். நீ எழுதினால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் எழுதினால் இந்தத் தெருவின் முகத்தைப் பார்க்க வேண்டும். உனக்கு ஒரு முகம், எனக்கு நூறு முகம். நம் இரண்டு பேர் வீரத்துக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

நீ விடுதிக்குப் போய்விட்டாய். குழாயடிக்கு அம்மா குடத்தோடு வந்தால் அங்கே பேச்சு நின்றுபோகும். அவள் குடம் நிறைந்து தெருமுனை திரும்பியதும் மறுபடி தொடங்கும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். “உங்கப்பா ஏன்டா வீட்டுக்கு வரலை?” என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, “காட்டைப் பார்த்துக்கணும், அதான்” என்று முதலில் சொன்னவன் நான். கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள். சொல்லிச் சொல்லி ஊரே நம்பிவிட்டது. நானும்தான். அது பெருமைக்காக எழுதியது என்று நினைக்கிறாயா?

அம்மாவிடம் கேட்டாயா? முதலில் அதற்குப் பதில் எழுது.

அண்ணன்


மே 11

உன் அப்பாவின் மகளுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. நலமாகத்தான் இருப்பாய்.

உன் கடிதம் வந்து எத்தனையோ நாளாயிற்று. அழகான கையெழுத்து. இரண்டு தடவை படித்தேன், மூன்றாம் தடவை அந்த வரியைத் தேடிப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு முன் செத்த பெண்களுக்காக வருத்தப்படுகிறாய். அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். உன்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். உன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏமாற்றினான். நீ கையைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றுகிறாய். எனக்கு அவனே தேவலை.

நேரில் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா செத்த அன்று வந்தாயே. வாசற்படியில் உட்கார்ந்து அழுதாய். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், வாங்கிக் குடித்தாய். இன்னொரு செம்பும் கேட்டாய். உன் அண்ணன் நட்ட பலகைப்படி காலியான வீட்டில் உனக்குத் தண்ணீர் கொடுத்தது யார்?

டவுனில் முதியோர் விடுதியில் அதிகாரி இடம் பார்த்திருக்கிறான். ஒரு கட்டில், பாதி அலமாரி. மீதிப் பாதி பக்கத்துக் கட்டில்காரிக்கு. மாதக் கடைசியில் கதவைக் கழற்றித் தரத் தச்சரிடம் சொல்லிவிட்டேன். எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள், நான் மட்டும் ஏன் விட்டுப் போக வேண்டும்? என்ன, அவர்களுக்கெல்லாம் வைக்கச் சுவர் இருந்தது.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று உன் அண்ணன் கடையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். சூடான மணல் ஒத்தடம் கேட்கும்.

இதற்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்காதே.


மே 21

அண்ணனுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம், நீ நினைப்பதைவிட. உன் ஏப்ரல் கடிதத்தின் கேள்விக்கு இப்போது பதில்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசையில் டிக்கெட்டம்மாவின் கடிதம் பிரிந்து கிடந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

“டிக்கெட்டு எழுதியிருக்கா” என்றாள். அவள் வாயில் அந்தப் பேர் வந்து நான் கேட்டதே இல்லை.

“என் பேருக்கு வந்ததை நீ எதுக்கும்மா பிரிக்கிறே?”

“நீ எங்கிட்ட ஒளிச்சே, நான் பிரிச்சேன். சரியாப் போச்சு. அது என்ன பலகை? அதுல என்ன எழுதியிருக்கு? எடுத்துட்டு வா.”

அதிகாரி கேட்ட அந்த ஒரு வரியைப் பற்றியும் சொல்லிவிட்டு, உன் அச்சுப்படியை எடுத்து வந்து படித்தேன். ‘தம் குடும்பத்தையும் துறந்து, மரங்களின் மீது கொண்ட பேரன்பால்’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இன்னொரு தடவை படி.”

படித்தேன்.

“மரமா?”

“அண்ணன் ஒரு இதுக்காக அப்படி…”

“அந்த ஆளுக்கு மரத்துமேல பேரன்பா? காத்துல இலை சலசலங்குது, மத்தியானம் தூங்க முடியலன்னு வாசல்ல நின்ன ஒத்தை மரத்தை வெட்டிப்போட்டவருடி உங்கப்பா.”

“நம்ம குடும்ப மானத்துக்காகத்தான் எழுதினானாம்.”

“எதுடி மானம்? ஒரு பொம்பளைக்காக விட்டுட்டுப் போனார்னா அது ஊர்ல நடக்கறதுதான். ரெண்டு நாள் உச்சுக் கொட்டுவாங்க, விட்டுடுவாங்க. மரத்துக்காக விட்டுட்டுப் போனார்னா என்ன அர்த்தம்? ஒரு மரக்கட்டை அளவுக்குக்கூட நான் தேறலைன்னு அர்த்தம். அதைப் பலகை செஞ்சு நட்டு, போறவன் வர்றவன்லாம் படிக்கணுமா? நான் பெத்த பிள்ளையே எழுதிவெக்கணுமா? பேனாவை எடு.”

“உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதாம்மா நான் இத்தனை நாள்…”

“என் கஷ்டமெல்லாம் நீ பாவாடை கட்டிக்கிட்டிருந்தப்பவே முடிஞ்சு போச்சு. இப்ப இருக்கிறது முழங்கால் வலி மட்டும்தான். என்னைச் சாக்கு வெச்சு நீ சும்மா இருந்தியே, அதைச் சொல்லு. எழுதுடி.”

அவள் சொன்னதைக் கீழே தருகிறேன். ஒரு சொல்லை மென்மையாக்கிப் பார்த்தேன். படித்துக் காட்டச் சொல்லிக் கண்டுபிடித்து, பழையபடி மாற்றவைத்தாள்.

‘பூங்கா அதிகாரிக்கு. உங்கள் பலகையில் இருக்கும் ஆளின் மனைவி நான். இன்னும் சாகவில்லை. அவர் என்னை விட்டுப் போனது மரத்துக்காக அல்ல. படகுத்துறையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்காக. அவர் சாகிறவரைக்கும் அவள் அந்த வீட்டில் அவரோடுதான் குடும்பம் நடத்தினாள். இது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. தெரிந்துகொள்ள நான் ஆசைப்பட்டதும் இல்லை. அவளை அங்கேயே விடுங்கள். பலகையைப் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் இந்தக் காலோடு நானே வந்து பிடுங்குவேன்.’

கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். “நீயும் போடு, சாட்சின்னு. அவ கையால தண்ணி வாங்கிக் குடிச்சேல்ல?”

போட்டேன். பதிவுத் தபாலில் அதிகாரிக்கு அனுப்பியாயிற்று. இது உனக்கு நகல்.

தங்கை


ஜூன் 12

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். அம்மா நலம் என்பது தெரிகிறது.

அதிகாரியைத் துடிப்பான இளைஞர் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அம்மாவின் கடிதத்தைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரு சொல் விடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். ‘மரக்கட்டை’ பேச்சு அதில் இல்லாதது என் அதிர்ஷ்டம். முடிந்ததும் யாரும் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார்கள். அப்போது எதிர்வீட்டுக்காரர், பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர், என் தோளில் கை வைத்தார்.

“விடுப்பா. எங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதானே? சின்ன வயசுல நீ காடு காடுன்னு சொல்லுவே. பாவம், பையன் மனசு நோகக் கூடாதுன்னு நாங்களும் ஆமா காடுதான்னு சொல்லிட்டிருந்தோம். அப்படியே பழகிடுச்சு.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். இதே தலையாட்டலைத்தான் நான் இத்தனை காலம் மரியாதை என்று நினைத்திருந்தேன். நம் மக்களைப் பற்றி நீ எழுதியது போதாது. என்னையும் சேர்த்துக்கொள்.

அந்தம்மாவுக்கு வசிப்பு அனுமதி கொடுத்தாயிற்று, ஆயுள் முழுவதற்கும். தச்சர் கீல்களைக் கழற்றத் தொடங்கியிருந்தாராம். அதிகாரியே ஓடிப்போய் நிறுத்தியிருக்கிறார். என் பலகையை எடுத்துவிட்டு அங்கே இப்போது ஒரு சின்னப் பலகை இருக்கிறது: ‘குடியிருப்பு. உள்ளே வரக் கூடாது.’ வாசகம் அந்தம்மா சொன்னதாம். பார்வையாளர் கூடத்தைப் பழைய சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கம் கட்டுகிறார்கள். விழா தள்ளிப்போயிருக்கிறது.

நூல் பிரதிகள் கடையில் அடுக்கியிருக்கின்றன. தாள் நல்ல கனம். ஆணி பொட்டலம் கட்ட உதவுகிறது.

அம்மா என்னோடு பேசுவாளா?

அண்ணன்


ஜூன் 25

எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று தெரியவில்லை. அக்கா என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். அதனால் ஒன்றும் எழுதாமலே தொடங்குகிறேன். முழங்கால் தேவலையா? இங்கே நான் நலம்.

நன்றி சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் எனக்காக எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அதிகாரி காட்டினான், படித்தேன். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். என்னோடு வந்து அவர் சுகமாக இருந்தார் என்று இத்தனை காலம் நீங்கள் நினைத்திருந்தால், அது வேண்டாம். நான் என்ன சமைத்து வைத்தாலும் ஒரு வாய் எடுத்துவிட்டு, “அவ கைப்பக்குவம் வராது” என்பார். உங்களைத்தான். ஒரு நாள் விட்டதில்லை. மீனைப் பொரித்தாலும் அதேதான், வெறும் கஞ்சி வைத்தாலும் அதேதான். உங்களைத் தினமும் கொண்டுவந்து என் தட்டுக்கு எதிரே உட்கார வைத்தார். அந்த எரிச்சலில்தான் நான் ஒருமுறைகூட உங்கள் முகத்தைப் பார்க்க வரவில்லை. வெட்கத்தால் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வெட்கமெல்லாம் எனக்கு முதல் வருஷத்தோடு போய்விட்டது.

உங்கள் பிள்ளைகள் இரண்டும் சரியில்லை. அது அவர் பக்கத்து வாகு என்று வைத்துக்கொள்கிறேன்.

பதில் வேண்டாம்.

டிக்கெட்டு


ஜூலை 8

டிக்கெட்டுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் பேச்சை நான் எதற்குக் கேட்க வேண்டும்? என் மகளை எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். அவள் எழுதினால் பூ வைத்து எழுதுவாள்.

முழங்கால் அப்படியே இருக்கிறது. மணல் ஒத்தடம் போட்டுப் பார்த்தேன். பரவாயில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் என் மகள் பயந்து ஓடி வந்தாள். என் கைப்பக்குவம் என்றா சொன்னார்? என்னோடு இருந்த காலம் முழுக்க நான் வைத்த எதையும் வாயில் வைக்கச் சகிக்கவில்லை என்றுதான் சொன்னார். அவர் அம்மா கைப்பக்குவம் எனக்கு வராதாம். அவர் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும். உனக்கு என்னைச் சொன்னார், எனக்கு அவளைச் சொன்னார். அவளுக்கு யாரைச் சொன்னாரோ. இதற்குப் போய் நீ அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக இத்தனை காலம் ஒருத்தியை ஒருத்தி வெறுத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். நமக்கும் புத்தியில்லை.

என் பிள்ளைகளைப் பற்றி நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கொள்கிறேன்.

மழைக்கு முன்னால் கூரையைப் பார்த்துவிடு. அடுப்படியில் வடக்கு மூலை ஒழுகும். நான் அங்கே இருந்தபோதே ஒழுகிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பார்த்திருக்க மாட்டார்.